கோப்ளின் எப்படி ஃபே ஆனது? கற்பனை ஆட்டங்களின் மாய இனங்களும் அவற்றைக் கட்டும் விதிகளும்

பாத்திரம் ஏற்றுப் பகடை உருட்டி ஆடும் மேசை ஆட்டமான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்கு (சுருக்கமாக டி அண்ட் டி), எதிரிகளின் விவரம் சொல்லும் புதிய மான்ஸ்டர் மேனுவல் நூல் 2025 பிப்ரவரியில் வந்ததிலிருந்து ஒரு குழப்பம் திரும்பத் திரும்ப எழுகிறது. மந்திரவாதி, ஆளை உறைய வைக்கும் ஹோல்ட் பர்சன் மந்திரத்தைப் போடுகிறார், எதிரே நிற்பது கோப்ளின் என்ற சாதாரணக் குட்டி எதிரி, 2014 பதிப்பில் இதே மந்திரத்துக்கு அசையாமல் உறைந்து நின்ற அதே கோப்ளின், ஆனால் ஆட்டத்தை நடத்தும் டஞ்சன் மாஸ்டர் "வேலை செய்யாது, கோப்ளின் இப்போது ஃபே", அதாவது மாய உலகப் பிறவி, என்கிறார். அதன் உறவினங்களான ஹாப்கோப்ளினும் பக்பேரும் அதே கணக்குதான். உள்ளங்கை அளவு உடம்பு, பளபளக்கும் இறக்கை, பூவுக்குப் பூ தாவல் என்று ஃபேக்கு ஒரு படம் மனதில் வைத்திருந்தவருக்கு, அழுக்குப் பல்லும் துருப்பிடித்த கத்தியுமாக வரும் கோப்ளினை அந்தப் பட்டியலில் பார்த்தால் அச்சுப்பிழை என்றுதான் தோன்றும்.

பிழை இல்லை. ஃபேயை உருவத்தை வைத்து அடையாளம் காணப் பார்த்தால் கையில் எதுவும் நிற்காது: மரத்துக்குள் புகுந்துகொள்ளும் பெண், குழந்தை தின்னும் கிழவி, இடம்விட்டு இடம் மறைந்து தோன்றும் நாய் எல்லாம் ஒரே வகைக்குள் இருக்கின்றன. எது எதற்குக் கட்டுப்பட்டிருக்கிறது என்று கேட்டால் மட்டும் இந்தக் கூட்டம் ஒரு ஒழுங்குக்கு வருகிறது. அதை அடியிலிருந்து பார்ப்போம்.

முதலில், 'வகை' என்றால் என்ன

டி அண்ட் டி ஐந்தாம் பதிப்பில் ஒவ்வொரு உயிரும் 14 வகைகளில் ஒன்றில் சேரும். விலங்கு, டிராகன், ராட்சதர், இறந்தும் நடப்பவை, மனித இனங்கள் (ஹ்யூமனாய்ட், மனிதரோடு எல்ஃப் போன்ற மனித உருவ இனங்களும் இதில் சேரும்) என்று போகும் அந்தப் பட்டியலில் ஃபேயும் ஒன்று. வகை என்பது தானாக எதையும் செய்வதில்லை. ஃபே என்று எழுதிவிட்டால் அந்த உயிருக்கு ஒரு உயிர்ப்புள்ளி (எவ்வளவு அடி தாங்கும் என்ற கணக்கு) கூடாது, குறையாது. ஆனால் மற்ற விதிகள், முக்கியமாக மந்திரங்கள், யார்மேல் பாயலாம் யார்மேல் பாயக்கூடாது என்று முடிவு செய்ய இந்த ஒரு சொல்லைத்தான் பார்க்கின்றன. கோப்ளின் விஷயத்தில் மாறியவை இவை:

1. ஹோல்ட் பர்சன், வசியம் செய்யும் சார்ம் பர்சன் இரண்டும் மனித இனங்கள் மீது மட்டும் பாயும். கோப்ளினை உறைய வைக்க இனி ஹோல்ட் மான்ஸ்டர் வேண்டும். முன்னது இரண்டாம் நிலை மந்திரம், பின்னது அதைவிடப் பிந்திக் கைக்கு வரும் ஐந்தாம் நிலை. சார்ம் பர்சன் முதல் நிலை, அதற்கு மாற்றான சார்ம் மான்ஸ்டர் நான்காம் நிலை. மூன்றாவது லெவலில், அதாவது இன்னும் ஆரம்பக் கட்டத்தில், இருக்கும் ஆட்டக்காரருக்கு இது பெரிய இழப்பு, ஏனென்றால் கோப்ளின்கள் அதிகம் வருவதே அந்தக் கட்டத்தில்தான்.

2. புரொடெக்‌ஷன் ஃப்ரம் ஈவில் அண்ட் குட் ஆறு வகைகளிடமிருந்து காக்கும். ஃபே அதில் ஒன்று. அந்த மந்திரம் மேலே இருப்பவரைத் தாக்கும் ஃபே, இரண்டு பகடை உருட்டிக் குறைந்த எண்ணைத்தான் எடுக்க வேண்டும். முதல் நிலை மந்திரம், பேய்களுக்காகவே சேமித்து வைத்திருந்த மந்திரம், இப்போது கோப்ளின் குகை வாசலிலேயே வேலைக்கு வருகிறது.

3. டிடெக்ட் ஈவில் அண்ட் குட் அதே ஆறு வகைகளை 30 அடிக்குள் உணர்த்தும். புதருக்குப் பின்னால் பதுங்கியிருக்கும் கோப்ளின் இதில் அகப்படும், அதன் பக்கத்தில் பதுங்கியிருக்கும் மனிதக் கொள்ளைக்காரன் அகப்படமாட்டான்.

4. மேஜிக் சர்க்கிள் போட்டு ஃபே என்று வகை சொன்னால் கோப்ளின் கூட்டம் அந்த வட்டத்துக்குள் சாதாரணமாக நடந்து வர முடியாது.

ஆக, ஆட்டக்காரருக்கு ஒரு பக்கம் போனது, மூன்று பக்கம் வந்தது. நிறைய பேர் முதல் வரியை மட்டும் பார்த்துவிட்டுக் கோபப்படுகிறார்கள்.

வகையே இல்லாத காலம்

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் உருவாக்கிய முதல் டி அண்ட் டி 1974இல் வந்தபோதே பிக்ஸி என்ற இறக்கைக் குட்டி, நிக்ஸி என்ற நீர்வாழ் பிறவி, ட்ரையாட் என்ற மரப்பெண் மூன்றும் அதில் இருந்தன. 1977 மான்ஸ்டர் மேனுவலில் பிரவுனி, லெப்ரகான், நிம்ஃப், சேட்டர், ஸ்ப்ரைட் ஆகிய மாயப் பிறவிகளும் சேர்ந்துகொண்டன. ஆனால் இவை அத்தனையையும் ஒரே கூரையின் கீழ் வைக்கும் சொல் அப்போதைய விதிகளில் இல்லை. ட்ரையாட், சேட்டர், நிம்ஃப் மூன்றும் கிரேக்கக் கதைகளிலிருந்து வந்தவை, பிக்ஸி இங்கிலாந்தின் கார்ன்வால், டெவன் பகுதிகளிலிருந்து, பிரவுனி ஸ்காட்லாந்திலிருந்தும் வட இங்கிலாந்திலிருந்தும், லெப்ரகான் அயர்லாந்திலிருந்து. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத ஊர்க்கதைகள், அவையெல்லாம் ஒரே நூலில் அகர வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன, அவ்வளவுதான்.

வகை இல்லாமல் மந்திரம் எப்படி வேலை செய்தது? பெயர்களை எழுதி வைத்தார்கள். ஆட்டக்காரர்களுக்கான விதிநூலான 1978 பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் சார்ம் பர்சன் யாரையெல்லாம் வசப்படுத்தும் என்று ஒரு நீண்ட பட்டியல் இருக்கிறது: பிரவுனி, ட்ரையாட், எல்ஃப், கோப்ளின், நிக்ஸி, பிக்ஸி, ஸ்ப்ரைட் எல்லாம் அதில் உண்டு. இந்தப் பட்டியலைக் கவனியுங்கள். அன்றைக்குக் கோப்ளினும் பிக்ஸியும் ஒரே பக்கம், இரண்டையும் முதல் நிலை மந்திரத்தால் வசியம் செய்யலாம். இன்றைக்கும் இரண்டும் ஒரே பக்கம்தான், இரண்டையும் அதே மந்திரத்தால் தொட முடியாது. இடையில் வந்த பதிப்புகளில்தான் அவை பிரிந்து கிடந்தன.

பிரிவினை 2000இல் மூன்றாம் பதிப்போடு வந்தது. ஒவ்வொரு உயிருக்கும் முறையான வகை கொடுத்து, ஃபேயைத் தனி வகையாக்கி, ட்ரையாட், நிம்ஃப், சேட்டர், பிக்ஸி ஆகியவற்றை அதற்குள் வைத்தார்கள். கோப்ளினும் எல்ஃபும் நோம் என்ற குள்ள இனமும் மனித இனங்கள் பக்கம் போயின. 2008இல் வந்த நான்காம் பதிப்பு இதை இன்னொரு விதமாக மாற்றியது: ஃபே என்பதை வகையாக வைக்காமல் பூர்வீகமாக வைத்தது. அங்கே எல்ஃபும் நோமும் ஃபே பூர்வீகம் கொண்ட மனித உருவங்கள். எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு சொல், எப்படி இருக்கிறது என்பதற்கு ஒரு சொல். நான்காம் பதிப்பைப் பலர் பல காரணங்களுக்காக ஒதுக்கினார்கள், ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அது சொன்னதுதான் தெளிவானது என்பது என் கருத்து. 2014இல் ஐந்தாம் பதிப்பு மறுபடி ஒற்றை வகைக்கே திரும்பியது, அப்புறம் 2025இல் கோப்ளின் அந்தப் பக்கம் தாவியது. ஒரே சொல்லில் பூர்வீகத்தையும் உடலமைப்பையும் சேர்த்துச் சொல்ல முயல்வதால்தான் இந்தக் குழப்பம் விடாமல் தொடர்கிறது.

ஃபேவைல்ட்: இவை எல்லாம் எங்கிருந்து வருகின்றன

நான்காம் பதிப்பு விட்டுச்சென்ற இன்னொரு நல்ல விஷயம் ஃபேவைல்ட். நம் பாத்திரங்கள் வாழும் உலகத்தின் மேல் இன்னொரு உலகம் படிந்திருக்கிறது. இங்கே மலை இருந்தால் அங்கேயும் மலை, ஆனால் எல்லாமே கூடுதல் அடர்த்தி, கூடுதல் நிறம், கூடுதல் ஆபத்து. அங்கே இரண்டு பெரிய அரசவைகள் உண்டு. டைட்டானியா ஆளும் கோடை அரசவை சீலி எனப்படும், காற்றுக்கும் இருளுக்குமான அரசி ஆளும் அந்தி அரசவை அன்சீலி. சீலி, அன்சீலி என்ற பிரிவு ஸ்காட்லாந்து நாட்டுப்புறக் கதைகளிலிருந்து வந்தது. முதலாவது நல்லவர்கள், இரண்டாவது கெட்டவர்கள் என்று எடுத்துக்கொண்டால் தப்பு. சீலியிடம் அகப்பட்டவர்களும் அழிந்து போவார்கள், சிரித்துக்கொண்டே அழிப்பார்கள் என்பதுதான் வித்தியாசம்.

ஃபேவைல்டின் தன்மை எப்படிப்பட்டது என்பதைக் காட்ட, 2014 டஞ்சன் மாஸ்டர்ஸ் கைடில் இருக்கும் ஒரு விருப்ப விதியே போதும். அங்கிருந்து திரும்பி வரும்போது 20 பக்கப் பகடை ஒன்றை உருட்ட வேண்டும். 7 முதல் 13 வரை விழுந்தால் ஒன்றும் ஆகாது. 1 அல்லது 2 விழுந்தால் அங்கே கழித்த நாட்கள் இங்கே வெறும் நிமிடங்கள். 14 முதல் 17 என்றால் நாட்கள் வாரங்களாகும், 18, 19 என்றால் மாதங்கள், 20 விழுந்தால் ஒவ்வொரு நாளும் ஒரு வருடம். பத்து நாள் விருந்துக்குப் போன கூட்டம் திரும்பி வரும்போது, அவர்களை வேலைக்கு அனுப்பிய பிரபு செத்து, மகன் ஆண்டு, ஊரே மாறியிருக்கும். இதோடு, அங்கிருந்து வெளியேறும் உயிர் மனோபலப் பகடையில் 10 எட்டாவிட்டால் அங்கே நடந்த எதுவும் நினைவில் இருக்காது. ஃபேக்களுக்கு இந்த மறதி கிடையாது. ஃபே பரம்பரை உள்ள எல்ஃப் போன்றவர்களுக்கு இரண்டு பகடை உருட்டி நல்லதை எடுக்கும் சலுகை.

ஃபேவைல்டில் பிறந்ததெல்லாம் ஃபே வகை என்றும் சொல்லிவிட முடியாது. 2014 நூலில் டிஸ்பிளேசர் பீஸ்ட் என்ற ஆறுகால் கரும்பூனை அன்சீலி அரசவை வளர்த்த மிருகம் என்று கதை இருக்கிறது, ஆனால் அதன் வகை வேறு, ஃபே இல்லை. அதன் பரம எதிரியான பிளிங்க் டாக், அதாவது மறைந்து மறைந்து தோன்றும் நாய், ஃபே வகை. ஒரே மண்ணில் பிறந்த இரண்டு மிருகங்களுக்கு இரண்டு வகை. ஆகவே பிறந்த மண் ஒரு துப்புதான், தீர்ப்பு இல்லை.

எது கட்டுகிறது என்று பிரித்தால்

விதிநூல்கள் ஃபேக்களை அகர வரிசையிலோ பலத்தின்படியோதான் அடுக்கும். அதை விட்டுவிட்டு, ஒவ்வொன்றையும் எது கட்டி வைத்திருக்கிறது என்று பார்த்தால் ஆட்டத்தில் பயன்படும் பிரிவுகள் கிடைக்கின்றன.

1. *இடத்துக்குக் கட்டுப்பட்டவை.* ட்ரையாட்தான் சுத்தமான உதாரணம். மூன்றாம் பதிப்பின் திருத்தமான மூன்றரைப் பதிப்பில் ஒவ்வொரு ட்ரையாடும் ஒரே ஒரு ஓக் மரத்தோடு பிணைக்கப்பட்டது. அந்த மரத்திலிருந்து 300 கெஜத்துக்கு மேல் விலகினால் நோய்வாய்ப்பட்டுச் சில மணி நேரங்களில் செத்துப்போகும். இந்த ஒரு விதி எத்தனை கதைகளைத் திறந்துவிடுகிறது என்று யோசியுங்கள். மரம் வெட்ட வருபவன் அவளுக்குக் கொலைகாரன். அவளைச் சிறைபிடிக்க சங்கிலி வேண்டாம், நகர்த்தினாலே போதும். அவளிடம் உதவி கேட்டால் மரத்தைச் சுற்றி மட்டுமே கிடைக்கும். ஐந்தாம் பதிப்பில் மரப்பிணைப்பு கதைக்குறிப்பில் இருக்கிறது, ஆனால் தூரமோ மணிக்கணக்கோ விதியாக இல்லை, அந்த இழப்பு பெரியது. நீரில் வாழும் நிக்ஸியும் இந்தப் பிரிவுதான். பழைய பதிப்புகளில் அவை கூட்டமாகச் சேர்ந்து ஒருவரை வசியம் செய்தால் அவர் ஒரு வருடம் தண்ணீருக்கடியில் ஊழியம் செய்ய வேண்டும்.

2. *செயலுக்குக் கட்டுப்பட்டவை.* ரெட்கேப் என்பது இங்கிலாந்து, ஸ்காட்லாந்து எல்லைப்பகுதிக் கதைகளின் கொலைகாரக் குள்ளன், தொப்பியை ரத்தத்தில் தோய்த்துச் சிவப்பாக்குபவன். ஐந்தாம் பதிப்பில் மூன்று நாளுக்கு ஒருமுறை புது ரத்தத்தில் தொப்பியை நனைக்காவிட்டால் அவன் இல்லாமலே போய்விடுவான். அப்படியானால் ரெட்கேப்பை வெல்லச் சண்டையே தேவையில்லை, மூன்று நாள் பூட்டி வைத்தால் போதும். ஆட்டக்காரர்கள் இதைத் தாங்களே கண்டுபிடிக்கும்போது கிடைக்கும் மகிழ்ச்சியை எந்தச் சண்டையும் தராது. மின்னல் வேக குவிக்லிங்கும் இங்கேதான்: ஒரு சுற்றில் 120 அடி ஓடும், அந்த அவசரத்திலேயே ஆயுளும் எரிந்துபோய் 15 வயதைத் தாண்டாது.

3. *பேரத்துக்குக் கட்டுப்பட்டவை.* ஹேக் எனப்படும் சூனியக் கிழவிகள். பச்சை ஹேக், கடல் ஹேக் ஆகியவை ஃபே. நைட் ஹேக் மட்டும் நரகப் பிறவிகளின் வகைக்குப் போய்விட்டது. கேட்டதைக் கொடுப்பார்கள், விலையாகக் கேட்பதில்தான் விஷமம். விதிகளின்படி மூன்று பேர் சேர்ந்தால் அது கோவன். மூவரும் ஒருவருக்கொருவர் 30 அடிக்குள் இருக்கும் வரை, தனியாக இருந்தால் கைக்கு வராத பெரிய மந்திரங்கள் பொதுவில் கிடைக்கும். ஒருத்தி செத்தாலும் நகர்ந்தாலும் அது போச்சு. இங்கேயும் சண்டையின் திறவுகோல் கட்டுதான்: அடிப்பதைவிடப் பிரிப்பது முக்கியம்.

4. *உணர்ச்சிக்குக் கட்டுப்பட்டவை.* சேட்டர் களிப்புக்கு, ஸ்ப்ரைட் நேர்மைக்கு. ஐந்தாம் பதிப்பின் சம்மன் ஃபே மந்திரம் இதை அப்படியே விதியாக்கியது: அழைக்கப்படும் ஆவிக்கு இனம் கிடையாது, கோபம், மகிழ்ச்சி, தந்திரம் ஆகிய மூன்று மனநிலைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அதைப் பொறுத்துத்தான் அதன் திறமை.

5. *யாருக்கும் கட்டுப்படாத மாதிரி தெரிபவை.* ஆர்க்ஃபே எனப்படும் பேரரசர்கள். வார்லாக் பாத்திரம் இவர்களிடம் ஒப்பந்தம் செய்து சக்தி பெறலாம். பலத்தில் கடவுளுக்கு ஒரு படி கீழே, ஆனால் இவர்களைக் கட்டுவது இவர்கள் வாயிலிருந்து வந்த வார்த்தை. ஆர்க்ஃபே ஒருவரைக் கதையில் கொண்டுவருகிறவர் அவர் முன்பு கொடுத்த வாக்குகள் இரண்டு மூன்றையாவது எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அது இல்லாமல் வரும் ஆர்க்ஃபே அழகான உடை போட்ட இன்னொரு வில்லன்தான்.

பிக்ஸியும் ஸ்ப்ரைட்டும் ஒன்றல்ல

இறக்கை வைத்த இந்த இரண்டையும் பலர் ஒன்றாகவே நினைக்கிறார்கள், ஆட்டத்தில் அது விபரீதத்தில் முடியும். 2014 விதிகளில் பிக்ஸிக்கு உயிர்ப்புள்ளி 1, ஸ்ப்ரைட்டுக்கு 2. இரண்டும் பார்வைக்கு மறையும், இரண்டுமே பறக்கும். ஸ்ப்ரைட் காவல்வீரன் மாதிரி: சின்ன வாள், மயக்கம் தரும் விஷ அம்பு, தொட்டால் எதிரியின் மனநிலையும் அவன் நல்லவனா கெட்டவனா என்பதும் தெரிந்துவிடும் ஒரு தனித்திறன். பிக்ஸியிடம் ஆயுதமே கிடையாது, தாக்குதல் என்ற வரியே அதன் பக்கத்தில் இல்லை. அதற்குப் பதிலாக மந்திரங்கள், ஒவ்வொன்றும் நாளைக்கு ஒரு முறை: பறக்க வைப்பது, தூங்க வைப்பது, குழப்புவது, அப்புறம் பாலிமார்ஃப் எனப்படும் உருமாற்றம்.

அந்தக் கடைசி மந்திரம்தான் ஐந்தாம் பதிப்பின் பிரபலமான ஓட்டை. ஏழாவது லெவல் ட்ரூயிட் (இயற்கை மந்திரவாதி) ஒருவர் கான்ஜர் வுட்லண்ட் பீயிங்ஸ் என்ற நான்காம் நிலை மந்திரத்தால் சிறிய ஃபேக்கள் எட்டை வரவழைக்கலாம். எட்டும் பிக்ஸி என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு பிக்ஸிகள் குழுவில் உள்ள நான்கு பேரையும் ராட்சதக் குரங்குகளாக மாற்றுகின்றன, ஒவ்வொரு குரங்குக்கும் 157 உயிர்ப்புள்ளி. மீதி நான்கும் எதிரிகளை நத்தையாக மாற்றப் பார்க்கின்றன. ஒரே ஒரு மந்திரத்துக்கு இத்தனை! எந்த ஃபே வரும் என்பதை டஞ்சன் மாஸ்டரே முடிவு செய்யலாம் என்று ஆட்டத்தை உருவாக்கியவர்கள் விளக்கம் கொடுத்தார்கள், ஆனாலும் மேசைகளில் வாக்குவாதம் ஓயவில்லை. 2024 பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் அந்த மந்திரத்தையே மாற்றிவிட்டார்கள்: இப்போது தனித்தனி உயிர்கள் வருவதில்லை, மந்திரம் போட்டவரைச் சுற்றி 10 அடிக்கு ஆவிகள் சுழன்று எதிரிகளைக் காயப்படுத்தும். ஓட்டை அடைபட்டது. கூடவே, அழைத்தால் வரும் ஃபேயோடு பேசிப் பேரம் செய்யும் வாய்ப்பும் அந்த மந்திரத்திலிருந்து போய்விட்டது, எனக்கு அதில் வருத்தம்தான்.

எல்லையில் நிற்பவர்கள்

எல்ஃப் ஃபேயா? ஐந்தாம் பதிப்பில் இல்லை, மனித இனம்தான். ஆனால் ஃபே பரம்பரை என்ற குணம் உண்டு, வசிய மந்திரங்களை எதிர்க்க அது உதவும். அதனால் எல்ஃப் மேல் சார்ம் பர்சன் பாயும், பாய்ந்தாலும் சுலபமாக ஒட்டாது. எலாட்ரின் எனப்படும் ஃபேவைல்ட் எல்ஃபுகளும் ஆட்டக்காரர் பாத்திரமாக வரும்போது மனித இனமே. மாறாக, 2021இல் வந்த தி வைல்ட் பியாண்ட் தி விட்ச்லைட் சாகசத்தில் ஆட்டக்காரரே தேவதையாக ஆடலாம், அவருடைய வகை நேரடியாக ஃபே. முதல் லெவலிலிருந்தே பறக்கலாம் என்பதைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். ஹோல்ட் பர்சன் தொடவே தொடாது என்பது அதற்குக் குறையாத பலம், அதைக் கவனிப்பவர் குறைவு.

கோப்ளினுக்கு வருவோம். மாற்றம் 2025இல் திடீரென்று நடக்கவில்லை. 2022இல் வந்த மான்ஸ்டர்ஸ் ஆஃப் தி மல்டிவர்ஸ் நூலிலேயே அடித்தளம் போட்டுவிட்டார்கள்: மக்லுபியட் என்ற போர்க்கடவுள் கோப்ளின்களை வென்று தன் படையாக்குவதற்கு முன்பு, அவை ஃபேவைல்டில் காற்றுக்கும் இருளுக்குமான அரசியின் அவையில் ஊழியம் செய்தன என்பது கதை. அந்த நூலில் ஆட்டக்காரர் தேர்ந்தெடுக்கும் கோப்ளினுக்கு எல்ஃப் மாதிரியே ஃபே பரம்பரை உண்டு, ஆனால் வகை மனித இனம். மூன்று வருடம் கழித்து, எதிரியாக வரும் கோப்ளினின் வகையே ஃபே. ஆக இரண்டு நூலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆடினால், ஆட்டக்காரரின் கோப்ளின் மனித இனம், அவர் சண்டை போடும் கோப்ளின் ஃபே. பலர் தலையைப் பிய்த்துக்கொள்வது இங்கேதான்.

இந்த மாற்றம் நல்லது என்றே நினைக்கிறேன். ஐரோப்பிய நாட்டுப்புறக் கதைகளில் கோப்ளின் எப்போதுமே வீட்டுக்கும் காட்டுக்கும் நடுவில் குறும்பும் கொடுமையும் செய்து திரியும் மாயப் பிறவிதான். படை படையாக வந்து சாகும் பச்சை உருவமாக அதை ஆக்கியது பின்னால் வந்த கதைகளும் ஆட்டங்களும். குறை ஒன்றுதான்: வகையை மாற்றியவர்கள் கோப்ளினை எது கட்டுகிறது என்று சொல்லவில்லை. ட்ரையாடுக்கு மரம், ரெட்கேப்புக்குத் தொப்பி, கோப்ளினுக்கு? பழைய கத்தி, பழைய வில், புதிய பெயர்ப்பலகை.

குளிர் இரும்பு

இரும்பு கண்டால் ஃபே ஓடும் என்பது பழைய நம்பிக்கை. அதை முழுமையாக விதியாக்கியது 2003இல் வந்த மூன்றரைப் பதிப்பு. பூமியின் ஆழத்தில் தோண்டி எடுத்து, குறைந்த வெப்பத்தில் அடித்துச் செய்த இரும்பு. அதில் செய்த ஆயுதத்துக்கு இரட்டை விலை. பல ஃபேக்கள் சாதாரண ஆயுதத்தின் அடியில் ஒரு பகுதியைத் தாங்கிக்கொள்ளும், குளிர் இரும்பு மட்டும் முழுதாக இறங்கும். 2014 மான்ஸ்டர் மேனுவல் ஃபேக்களிடம் இந்த விதி இல்லவே இல்லை. இரும்புக் கத்தியை நீட்டி "பின்வாங்கு" என்று ட்ரையாடை மிரட்டும் ஆட்டக்காரருக்கு விதிநூல் எந்த ஆதரவும் தராது, டஞ்சன் மாஸ்டர் மனம் வைத்தால் உண்டு.

பாத்ஃபைண்டர் என்ற இன்னொரு ஆட்டத்தின் இரண்டாம் பதிப்பில் இந்த விதி இன்னும் இருக்கிறது. அங்கே பல ஃபேக்களுக்குக் குளிர் இரும்பு பலவீனம் ஓர் எண்ணாகவே தரப்பட்டிருக்கும். பலவீனம் 5 என்றால் அந்த இரும்பு படும் ஒவ்வொரு அடிக்கும் கூடுதலாக 5 காயம். சிறிய கத்தியும் பயப்பட வைக்கும்.

மற்ற ஆட்டங்கள் என்ன செய்கின்றன

பாத்ஃபைண்டர் உலகில் ஃபேக்களின் தாயகம் முதல் உலகம், கடவுள்கள் இந்த உலகத்தைப் படைப்பதற்கு முன்பு எழுதிப் பார்த்த வரைவு. அங்கே சாவு நிலையானது இல்லை, அதனால்தான் அங்கிருந்து வருபவர்களுக்கு நம் சாவு விளையாட்டாகத் தெரிகிறது. அந்த உலகத்திலிருந்து குடியேறிய நோம்கள் புது அனுபவம் இல்லாமல் சும்மா இருந்தால் நிறம் வெளுத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சாவார்கள். என்ன அருமையான கட்டு! ஒரு நோம் பாத்திரம் ஏன் குகைக்குள் முதல் ஆளாகப் போகிறது என்று யாரும் கேட்கவே வேண்டாம். கோப்ளின் அங்கே இன்னும் மனித இனம்தான், அதனால் இங்கே சொன்ன குழப்பம் அந்த ஆட்டத்தில் இல்லை.

ஆர்ஸ் மேஜிகா 1987இல் வந்தது, பதின்மூன்றாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் நடப்பது. அது உலகத்தின் அமானுஷ்யத்தை நான்காகப் பிரிக்கிறது: தெய்வம், நரகம், மந்திரம், ஃபேரி. அந்த ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பில் ஃபேரிகள் மனிதர்களின் உயிர்ப்பை உண்டு வாழ்கின்றன, அதற்காகவே கதைகளில் வேடம் போடுகின்றன. பாலத்தடி பூதம் வழிமறிப்பது பணத்துக்காக இல்லை; நீங்கள் பயப்பட வேண்டும், கெஞ்ச வேண்டும், ஏமாற்ற வேண்டும், அதுதான் அதன் சாப்பாடு.

1995இல் வந்த சேஞ்ச்லிங்: தி ட்ரீமிங்கில் ஆட்டக்காரர்களே ஃபேக்கள், மனித உடலில் வாழ்பவர்கள். பூக்கா, சிதே, ட்ரோல், ரெட்கேப் என்று அவர்களுக்குக் குலங்கள் உண்டு. அன்றாட வாழ்க்கையின் சலிப்புதான் அவர்களுக்கு விஷம். 2007இல் வந்த சேஞ்ச்லிங்: தி லாஸ்ட் இதைத் தலைகீழாக்கியது. ஃபேக்கள் கடத்திக்கொண்டு போய், உருவம் சிதைந்து தப்பி வந்த மனிதர்கள்தான் அங்கே பாத்திரங்கள். அவர்கள் நான்கு பருவங்களின் பெயரில் அவைகள் அமைத்துக்கொள்கிறார்கள்: வசந்தத்துக்கு ஆசை, கோடைக்குக் கோபம், இலையுதிர் காலத்துக்குப் பயம், குளிர்காலத்துக்குத் துயரம். வாக்கும் ஒப்பந்தமும் இந்த ஆட்டத்தில் வெறும் வசனம் இல்லை, விதி. ரூன்குவெஸ்ட் உலகத்தில் எல்ஃபுகள் தாவரங்கள், அவ்வளவு தூரம் போனவர்களும் உண்டு.

மேசையில் கோப்ளினை என்ன செய்வது

1. எந்த நூல் செல்லும் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஹோல்ட் பர்சனைத் தேர்ந்தெடுத்துவிட்ட ஆட்டக்காரருக்குப் பாதியில் விதி மாறினால், மந்திரத்தை மாற்றிக்கொள்ள ஒரு வாய்ப்பு கொடுப்பதுதான் நியாயம். கமாண்ட், சஜஷன் இரண்டும் மனித இனமா என்று கேட்பதில்லை, மாற்றாக அவை பொருந்தும்.

2. ஆட்டக்காரரின் கோப்ளினையும் எதிரிக் கோப்ளினையும் ஒரே வகையில் வையுங்கள். இரண்டையும் மனித இனமாக வைத்தாலும் ஆட்டம் உடையாது. இரண்டையும் ஃபேயாக வைப்பதாக இருந்தால், அந்த ஆட்டக்காரருக்குத் தொடக்க லெவல்களில் சில மந்திரங்களிலிருந்து இலவசப் பாதுகாப்பு கிடைக்கிறது என்பதை மற்றவர்களிடமும் சொல்லிவிடுங்கள்.

3. ஃபேயாக வைத்தால் ஒரு கட்டு கொடுங்கள். நூல் கொடுக்காததால் இது உங்கள் வீட்டு விதியாகத்தான் இருக்கும். என் யோசனை: கோப்ளின்கள் பழைய அரசியிடமிருந்து திருடப்பட்டுப் போர்க்கடவுளுக்கு ஆளானவை, ஆகவே திருட்டுப்பொருள் அவற்றைக் கட்டும். கோப்ளின் கையிலிருந்து எதையாவது கண்ணில் படாமல் திருடிவிட்டால், அதைத் திரும்பப் பெறும் வரை அது திருடியவரைக் கொல்ல முடியாது, பேரம்தான் பேச வேண்டும். குழுவிலிருக்கும் திருடர் பாத்திரத்துக்கு உடனே வேலை வந்துவிடும், கோப்ளின் தலைவன் தன் பித்தளைக் கரண்டியை ஏன் கயிறு கட்டி இடுப்பில் தொங்கவிட்டிருக்கிறான் என்பதற்கும் காரணம் கிடைத்துவிடும்.

4. அந்தக் கட்டை முதல் சந்திப்பிலேயே ஒரு தடயமாகக் காட்டுங்கள், விளக்கமாகச் சொல்லாதீர்கள். முகாமில் எல்லாப் பொருளும் எதனோடாவது கட்டிப்போடப்பட்டிருக்கிறது என்று வர்ணித்தால் போதும். ஏன் என்று ஆட்டக்காரர்கள் கேட்க ஆரம்பித்தால், பதிலுக்காக அவர்கள் அடுத்த கோப்ளினைக் கொல்லாமல் பிடிக்கப் பார்ப்பார்கள், அதற்கு ஹோல்ட் பர்சன் உதவாது என்பதால் பேச வேண்டியிருக்கும்.